பாயிண்ட் சின்னருக்கு, கோப்பை அல்கராஸுக்கு!

கே: 2025 பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் ஆண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டியில், சின்னரிடம் தோற்கவேண்டிய ஆட்டத்தை அல்கராஸ் எந்த இடத்தில் திருப்பினார்?

ப: நான்காவது செட்டில். முதல் இரண்டு செட்டும் 4-6, 6-7 என்று போய்விட்டன. மூன்றாவதை 6-4 என எடுத்தார். நான்காவதில் 3-5, அதுவும் தன் சர்விலேயே 0-40. சின்னருக்கு வரிசையாக மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட், அதாவது அதில் ஒன்றை எடுத்தாலே கோப்பை! மூன்றையும் காப்பாற்றி அந்த கேமை எடுத்தார். எல்லோரும் பேசுவது இதைத்தான். எங்கள் கணக்கில் அடுத்த கேம்தான் பெரிது. 5-4 என்ற நிலையில், பட்டத்துக்காக சர்வ் போட்ட சின்னரை அல்கராஸ் பிரேக் செய்தார், அதாவது சின்னரின் சர்வ் கேமை வென்றார். தன் சர்வைக் காப்பாற்றினால் தோல்வி தள்ளித்தான் போகும். எதிராளியின் சர்வை உடைத்தால்தான் ஆட்டம் சமமாகும். பிரெஞ்சு ஓபன் நடக்கும் செம்மண் தரையில் பந்து குத்தியதும் வேகம் குறைந்து உயர எழும், ரிட்டர்ன் எடுப்பவருக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். நான்காவது, ஐந்தாவது செட்டுகளை 7-6, 7-6 என எடுத்தார். மொத்தம் 5 மணி 29 நிமிடம். பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டிகளிலேயே மிக நீண்டது.

கே: அதிக பாயிண்ட் எடுத்தவர் சின்னர் என்கிறார்களே, நிஜமா?

ப: நிஜம். சின்னர் 193, அல்கராஸ் 192. இதில் இன்னொரு வேடிக்கை: ஐந்தாவது செட் 6-6 ஆனதும் வெற்றியை முடிவு செய்ய ஆடிய சூப்பர் டை பிரேக்கை 10-2 என்று அல்கராஸ் வென்றார். அதைக் கழித்துப் பாருங்கள், அதுவரை 191-182. அதாவது ஐந்தாவது செட் 6-6 ஆனபோது சின்னர் 9 பாயிண்ட் முன்னால் இருந்தார். டென்னிஸில் ஒரு கேமை 40-0இலிருந்து வென்றாலும் டியூஸுக்குப் (40-40) பின் வென்றாலும் மதிப்பு ஒன்றுதான். மிச்ச பாயிண்ட் எங்கும் சேராது.

கே: சூப்பர் டை பிரேக்கில் சர்வ் எப்படி மாறும்?

ப: முதலில் ஒருவர் ஒரு சர்வ், பிறகு ஆளுக்கு இரண்டிரண்டு. 6 பாயிண்டுக்கு ஒருமுறை பக்கம் மாறுவார்கள். 10 எடுக்கவேண்டும், 2 வித்தியாசம் இருக்கவேண்டும். 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் கடைசி செட் 6-6 ஆனால் இதுதான் விதி.

கே: சாம்பியன்ஷிப் பாயிண்டைக் காப்பாற்றி கிராண்ட் ஸ்லாம் வென்ற ஆண்கள் வேறு யார்?

ப: 1968க்குப் பிறகு ஒற்றையர் இறுதியில் இருவர்: 2004 பிரெஞ்சு ஓபனில் காடியோ, 2019 விம்பிள்டனில் ஜோகோவிச்.

கே: கிளப் ஆட்டத்தில் ஒரு செட் பின்தங்கினால் நான் எதை மாற்றவேண்டும்?

ப: பெரும்பாலோர் வேகத்தைக் கூட்டுவார்கள். கெடுவது அங்கேதான். முதல் சர்வின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து உள்ளே விழவையுங்கள். இரண்டாவது சர்வ் குறைந்தாலே டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறி பாயிண்ட் போவது) குறையும். பந்தைக் குறுக்காக அடியுங்கள்: வலை நடுவில் 91.4 செ.மீ., கம்பத்தருகே 107 செ.மீ.; குறுக்குத் தூரமும் நேர்க்கோட்டைவிட ஒரு மீட்டருக்கு மேல் அதிகம். கோட்டைக் குறிவைக்காமல் ஒரு மீட்டர் உள்ளே அடித்தால் போதும். பாயிண்டுகளுக்கு நடுவே அவசரப்படாதீர்கள். தொழில்முறை ஆட்டத்திலேயே 25 விநாடி உண்டு. செட்டைச் சமன் செய்தவுடன் வரும் முதல் சர்வ் கேமில் கவனம், அங்கேதான் பலர் அசந்துவிடுகிறார்கள்.