வகுத்துப் பார்த்த எண்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பதினைந்து நாளுக்கு முன் திடீரென்று வலது கை, கால் விழுந்து, பேச்சும் குழறியது. பக்கவாதம் என்று சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டார்கள். இப்போது நடக்கிறார். கைதான் சரியாக வரவில்லை. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் 78 சதவீதம், லிம்ஃபோசைட் 13 சதவீதம். வகுத்தால் 6 வருகிறது. 5-ஐத் தாண்டினால் தேறுவது கஷ்டம் என்று நெட்டில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 9.2, அதற்கு மாத்திரை போடுகிறார். அப்பாவின் கை வராதா டாக்டர்?

பதில்: வகுத்துப் பார்த்தீர்கள், சரி. அப்பாவால் விரல்களை நீட்ட முடிகிறதா என்று பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

மூளையில் ஒரு பகுதி ரத்தம் இல்லாமல் தவித்தால் உடம்பு முழுக்க அபாயச் சங்கு ஊதும். கார்டிசோல் என்ற நெருக்கடி ஹார்மோன் ஏறும், நியூட்ரோஃபில் படையெடுக்கும், லிம்ஃபோசைட் குறையும். அந்த 6, மறுநாள் காலையில் அந்தச் சங்கு எவ்வளவு சத்தமாக ஊதியது என்பதற்கான கணக்கு. இந்த விகிதம் கூடியவர்களில் மூளையில் ரத்தக் கசிவும் மூன்று மாதம் கழித்து முடக்கமும் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது நூற்றுக்கணக்கான பேரைக் கூட்டிப் பார்த்த சராசரி. பெரிய அடி பட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த எண்ணும் ஏறும் என்பதால், அடியைத் தனியாகவும் எண்ணைத் தனியாகவும் பிரிப்பது லேசில்லை. நெஞ்சில் சளித் தொற்றோ சிறுநீர்த் தொற்றோ வந்தாலும் இதே எண் ஏறும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். அதனால் காய்ச்சல், இருமல், குடிக்கும்போது புரையேறுதல் இருந்தால் உடனே காட்டுங்கள்.

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையில் எண் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பயந்து எழுதுபவர்களும் உண்டு. ஊசி வேலை செய்து கட்டி உடைந்தால், உடைந்த துணுக்குகள்தானே அந்தப் பரிசோதனையில் தெரியும்! ஊசி போடும் முன் கட்டாயம் பார்த்தாக வேண்டிய ரத்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றே ஒன்றுதான்: சர்க்கரை. தாழ்சர்க்கரையும் பக்கவாதம் போலவே வேஷம் போடும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் போன்ற சிலருக்குத்தான் மற்ற முடிவுகளுக்காகக் காத்திருப்போம்.

கைக்கு வருவோம். முதல் மூன்று நாளுக்குள் விரல்களைக் கொஞ்சமாவது நீட்டி, தோளைப் பக்கவாட்டில் தூக்க முடிந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்தில் கை ஓரளவாவது வேலைக்குத் திரும்புகிறது. அப்பாவை மேசைமேல் கையை வைக்கச் சொல்லி, மடங்கிய விரல்கள் எத்தனை நீள்கின்றன என்று வாரம் ஒருமுறை செல்போனில் வீடியோ எடுங்கள். என்னிடம் வந்த ஒருவர் இரண்டாம் மாதம்வரை சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டினார். ஒரு நாள் கழுத்துப் பட்டனைத் தானே போட்டுக்கொண்டு வந்து, பேசாமல் என் முன்னால் தாடையை நிமிர்த்திக் காட்டினார்.

அப்புறம், போகிற போக்கில் எழுதிய அந்த 9.2! உங்கள் கடிதத்தில் நான் சிவப்பு மையால் வட்டம் போட்டது அதைத்தான். பலருக்கு அது 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கெட்ட கொழுப்பு எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. கழுத்து, மூளைக் குழாய்களில் கொழுப்புப் படிந்து வந்த பக்கவாதம் என்றால் அது 70-க்குக் கீழே வர வேண்டும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் கேளுங்கள். 6-ஐப் பற்றிக் கேட்க வேண்டாம். இந்நேரம் அது இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.