தோபா ஏரிக்குப் போனால் எந்த ஊரில் தங்குவது? சுங்கை சிப்புட் அன்பர்களுக்குப் பதில்கள்

ஆண்டு இறுதி விடுமுறைக்கு நம் ஊரிலிருந்து நாலைந்து குடும்பங்கள் சுமத்ராவின் தோபா ஏரிக்குக் கிளம்புகின்றன. ஆறு முறை போய் வந்தவன் என்பதால் கேள்வியெல்லாம் என்னிடம் வந்துவிட்டது. தெரிந்ததை எழுதுகிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பராப்பாட், தூக்தூக், பெரஸ்தாகி என்று ஆளுக்கு ஓர் ஊர் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 71 வயது, பிள்ளைகள் இருவர், நாலு இரவு. எங்கே தங்கலாம்?

டீச்சர், எல்லாரும் டிக்கெட் விலையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டீர்கள். பராப்பாட் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் ஊர், வட சுமத்ராவின் பெரிய நகரான மெடானிலிருந்து வரும் சாலை அங்கேதான் ஏரியைத் தொடுகிறது, கார் விடுதி வாசல்வரை போகும். தூக்தூக் எதிரே, ஏரிக்குள் இருக்கும் சாமோசிர் தீவில் இருக்கிறது. பராப்பாட்டிலிருந்து பயணிகள் படகில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், படகுக்காரரிடம் விடுதிப் பெயரைச் சொன்னால் அந்த விடுதியின் துறையிலேயே இறக்கிவிடுவார். அழகு, அமைதி, குளியல் எல்லாம் தூக்தூக்கில்தான்.

உங்களுக்கு முதல் இரவு பராப்பாட், மற்ற மூன்றும் தூக்தூக். விமானம் இறங்கி, மெடானின் விமான நிலையமான குவாலா நாமுவிலிருந்து கிளம்பி, பெமாத்தாங் சியாந்தாரில் பசியாறிவிட்டுப் பராப்பாட் சேரும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். அந்த நேரத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு படகைத் தேடி ஓட வேண்டாம், காலையில் நிதானமாக ஏறுங்கள். தூக்தூக் விடுதிகள் பல சரிவில் கட்டியவை, அறைக்குப் போகவே முப்பது நாற்பது படி இறங்க வேண்டியிருக்கும். பதிவு செய்யும்போதே படியில்லாத அறை வேண்டும் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள், அங்கே பொழுது சீக்கிரம் சாய்வதுபோல் தெரியும்.

லோரி ஓட்டும் தம்பி: பெரஸ்தாகி கேமரன் மலை மாதிரி குளிர் என்கிறார்களே அண்ணே, அங்கேயே தங்கி ஏரியை ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்தால் என்ன?

தம்பி, நான் முதல் முறை செய்த தவறே அதுதான். பெரஸ்தாகி ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் நல்ல மலை ஊர். காய்கறித் தோட்டம், பழச் சந்தை, ஏறிப் பார்க்க சிபாயாக் எரிமலை எல்லாம் உண்டு. ஆனால் ஊரிலிருந்து ஏரி கண்ணுக்கே தெரியாது. அன்றைக்கு வளைந்து வளைந்து போகும் சாலையில் என் அம்மா வழியெல்லாம் வாந்தி. சாயங்காலம் பராப்பாட் போய்ச் சேர்ந்து பத்து நிமிடம் ஏரியைப் பார்த்துவிட்டு அதே சாலையில் திரும்பினோம். ஊர் வந்த பிறகும் அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. பெரஸ்தாகி வேண்டுமென்றால் அதற்குத் தனியாக இரண்டு இரவு ஒதுக்கு. போகிற வழியில் தோங்கிங்கில் சிபிசோ-பிசோ அருவியைப் பார், 120 மீட்டர் உயரம். சினாபுங் எரிமலைப் பக்கம் மட்டும் தடை போட்ட இடத்துக்குள் கால் வைக்காதே. நூற்றாண்டுக் கணக்கில் தூங்கிக் கிடந்து 2010-இல் எழுந்த மலை அது.

ஒருவர்: விசா வேண்டுமா?

மலேசியக் கடப்பிதழுக்கு 30 நாள்வரை விசா இல்லை. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள்.

புதுமணத் தம்பதி: பராப்பாட்டா தூக்தூக்கா?

தூக்தூக். ஆனால் கடைசிப் படகை நம்பி மாலையில் எங்கும் சுற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற கிராணி ஐயா: தோபா எரிமலை வெடித்தபோதுதான் குமரிக்கண்டம் கடலுக்குள் போயிற்றாமே, அதைப் பற்றி எழுதக்கூடாதா?

ஐயா, தங்கும் இடத்தைப் பற்றிப் பேச வந்தேன், ஆனால் இதை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. தோபா வெடித்தது ஏறத்தாழ 74,000 ஆண்டுக்கு முன். அப்போது ஊரில்லை, உழவில்லை, எழுத்தில்லை, மனிதன் கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்த காலம். சங்கம் வைத்த பாண்டியனை அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியாது. வெடிப்பில் உள்ளே போனது தோபா நிலமேதான். அடியிலிருந்த எரிமலைக் குழம்பு வெளியேறியதும் மேல்தளம் சரிந்து, 100 கிலோமீட்டர் நீளமும் 500 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளமாகி நீர் நிரம்பியது. பிறகு கீழிருந்து வந்த அழுத்தம் ஏரியின் தரையையே மேலே தூக்கியது. அதுதான் சாமோசிர். தீவின் மேட்டு நிலத்தில் ஏரிப் படிவு இன்றும் கிடக்கிறது.

அதே ஐயா: சாம்பல் இந்தியாவரை போனதென்றால் நம் நாடும் அழிந்திருக்கத்தானே வேண்டும்?

போனது உண்மை. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் படிந்திருக்கிறது. ஆனால் அதற்குக் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரியான கற்கருவிகள் கிடைத்ததால், அங்கே மனிதர்கள் தப்பிப் பிழைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆந்திராவரை போவானேன், லெங்கோங்கில் கோத்தா தம்பான் இருக்கிறது, நம் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கற்கருவி செய்த பட்டறையில் தோபா சாம்பல் கிடந்த இடம். 2012-இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலக மரபிடமாக அறிவித்தது. பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள் ஐயா, பிறகு தோபாவுக்குக் கூட்டிப்போங்கள். அந்த வரிசையில் பார்த்த பிள்ளை மறக்காது.

சந்தைக் கடை அக்கா: நாங்கள் சைவம், பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லை அக்கா. தூக்தூக்கில் வெளிநாட்டார் வந்துபோவதால் காய்கறி, சோயாவில் செய்த தெம்பே, தாவு, கடலைக் குழம்பு ஊற்றிய காய்கறியான காடோ-காடோ தாராளமாகக் கிடைக்கும், சொன்னால் தனியாகவும் சமைத்துத் தருவார்கள். ஏரிப் பக்கத்து மண்ணின் மக்களான பத்தாக் மக்களின் கடைப் பலகையில் பி1 என்றிருந்தால் நாய், பி2 என்றிருந்தால் பன்றி, அங்கே நுழையாதீர்கள். ஞாயிறு காலை எல்லாரும் தேவாலயத்தில் இருப்பார்கள், பல கடைகள் திறக்காது. கையில் ரொட்டி இருக்கட்டும்.

இன்னொருவர்: பராப்பாட்டா தூக்தூக்கா, எது நல்லது?

டீச்சருக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஒரு தம்பி: நம் கேமரன் மலை ரிங்லெட்டிலேயே ஏரியும் மலையும் இருக்கே?

அது அணைக்காகத் தேக்கிய நீர், வண்டலும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட வேண்டாம்.

பால்மரத் தோட்டத்து இளைஞர் குழு: பன்னிரண்டு பேர், பணம் குறைவு. தூக்தூக்கில் தங்கிப் பெரஸ்தாகிக்கு ஒரு நாளில் போய்வர...

முடியாது. மேலே தம்பிக்குச் சொன்னதுதான். தீவிலேயே மோட்டார் சைக்கிள் எடுத்துப் பங்குருரானுக்குப் போங்கள், பூசுக் புகித் மலையடியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, பத்தாக் மக்கள் தங்கள் முதல் மூதாதை இறங்கிய மலை என்று வணங்கும் இடம். ஓட்டுநர் உரிமம் இல்லாதவன் ஓட்ட வேண்டாம்.

பன்னிரண்டு பேர் என்பதால் இன்னொன்று. 2018 ஜூன் 18 அன்று சிமானிந்தோவிலிருந்து தீகாராஸுக்குப் போன சினார் பாங்குன் என்ற படகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதால் கவிழ்ந்தது. 160-க்கு மேற்பட்டோர் ஏரியோடு போய்விட்டார்கள், உடலைக்கூட எடுக்க முடியவில்லை. அதுவும் விடுமுறைக் கூட்ட நாள்தான். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு வெளியூர் பத்தாக் மக்கள் எல்லாரும் ஊர் திரும்புவார்கள், நீங்கள் போவதும் அதே வாரம். நிற்க இடமில்லாத படகில் ஏறாதீர்கள், உயிர்காப்புச் சட்டை உங்கள் எண்ணிக்கைக்கு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஒரு இரவு வாடகை வீணானால் போகட்டும்.

ஒருவர்: ரிங்கிட்டுக்கு எத்தனை ரூப்பியா?

தினமும் மாறும், பணம் மாற்றும் கடையில் கேளுங்கள். தீவுக்குப் போகும் முன் மெடானிலேயே மாற்றிவிடுங்கள்.

டீச்சர் மறுபடியும்: திரும்பும்போது மெடானில் ஒரு இரவு தங்கலாமா? பராப்பாட்டிலேயே...

மெடானில் தங்குங்கள் டீச்சர், தீவில் இரண்டு இரவோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. கம்போங் மெட்ராஸில் 1884-இல் கட்டிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு நம்மைப் போலவே கப்பலேறி வந்தவர்கள் எழுப்பியது. அம்மாவைச் சாயங்காலப் பூசைக்குக் கூட்டிப்போங்கள். தூக்தூக்கிலிருந்து அன்று முதல் படகிலேயே கிளம்பிவிடுங்கள்.