ரிமோட்டுக்கும் மின்சாரச் சேமிப்புக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: கத்திரி வெயிலுக்கு முன்பாகப் பழைய மின்விசிறிகளை மாற்றி, கூடத்தில் மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த இரண்டு பி.எல்.டி.சி. விசிறிகள் போட்டோம். எலக்ட்ரீஷியன் சுவரில் இருந்த ரெகுலேட்டர்களைக் கழற்றிவிட்டார். இப்போது வேகத்தை மாற்ற ரிமோட்தான். விடியற்காலையில் குளிரெடுத்தால் என் மாமியார் ரிமோட்டைத் தேடி எல்லோரையும் எழுப்புகிறார். கடைக்காரரோ, "கரண்ட் மிச்சமாகணும்னா இதைப் பொறுத்துக்கத்தான் வேணும்மா" என்கிறார். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சரியில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்துவது மோட்டார். உங்கள் மாமியாரின் தூக்கத்தைக் கெடுப்பது ரிமோட். இரண்டும் ஒரே அட்டைப்பெட்டியில் வருகின்றன என்பதற்காக ஒன்றைக் காட்டி மற்றொன்றை நம் தலையில் கட்டுவது வியாபாரம்.

மோட்டாரைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. பழைய விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். இந்த வகை 30 வாட்டை ஒட்டி நின்றுவிடுகிறது. நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் ஒரு விசிறிக்கு ஏறத்தாழ 43 யூனிட் குறையும். மாலையில் வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் தளராது. இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். பகலில் சூடேறிய பாறைமலைகள் இரவிலும் அனல் விடுகிற வேலூர்ச் சீமைக்கு இது வேண்டிய பொருள்தான்.

உங்கள் எலக்ட்ரீஷியனையும் குறை சொல்ல முடியாது. பழைய ரெகுலேட்டர் விசிறிக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் குறைத்தது. புதிய விசிறிக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றோ, வோல்டேஜ் குறைந்தாலும் வேகத்தை விடாமல் பிடித்துவைப்பதற்கென்றே செய்யப்பட்டது என்பதால், இரண்டுக்கும் ஒத்துவராது, சில மாடல்களில் சுற்றே பழுதாகலாம். ஆனால், பழைய ரெகுலேட்டர் ஒத்துவராது என்பதிலிருந்து சுவரில் எதுவுமே இருக்கக் கூடாது என்ற முடிவுக்குத் தாவியவர் யார்? மோட்டாரை வடிவமைத்த பொறியாளர் அல்லர் என்பது நிச்சயம். சுவரில் பொருத்தும் கட்டுப்பாட்டோடு இயங்கும் பி.எல்.டி.சி. விசிறிகளும் சந்தையில் இருக்கின்றன; ரிமோட் கொடுப்பது மலிவு, பெட்டியின் மேல் நவீனம் என்று போட்டுக்கொள்ளவும் வசதி.

அந்த நவீனத்தைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கைக்குள் மறையும் அளவு. ஒரே வடிவில், ஒரே உயரத்தில் ஏழெட்டு ரப்பர் பொத்தான்கள். கறுப்பின் மேல் சாம்பல் நிறத்தில் பொடி ஆங்கில எழுத்து. இருட்டில் விரலால் தடவி எதையும் கண்டுபிடிக்க முடியாது. பழைய ரெகுலேட்டரின் குமிழை என்றால் தூக்கக் கலக்கத்திலும் திருப்பிவிடலாம். பெரும்பாலான ரிமோட்டுகள் அகச்சிவப்புக் கதிரால் இயங்குபவை, ஆகவே விசிறியை நோக்கி நீட்ட வேண்டும். ஒரே கம்பெனி விசிறிகள் இரண்டு ஒரே கூடத்தில் இருந்தால், ஒன்றைக் குறைக்கப் போய் மற்றொன்றும் சேர்ந்து குறையும். உங்கள் வீட்டில் இது நடக்கவில்லை என்றால் ஆச்சரியப்படுவேன். வேலூரில் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றில், ரிமோட்டை நைலான் கயிற்றால் சுவர் ஆணியில் கட்டிவைத்திருந்ததைப் பார்த்தேன். கழற்றிய ரெகுலேட்டரை அந்த மேனேஜர் தம் செலவில் திரும்ப மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு ரிமோட் பேருதவி என்பதை மறுக்கவில்லை. கூடுதலாக ஒன்று கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு கொடுப்பதில்தான் வழக்கு. கார்களில் இந்தக் கூத்து முற்றி, எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் தள்ளிய பிறகு, ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் இயக்கும் தனிக் கட்டுப்பாடு இல்லாத கார்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்க முடிவு செய்தது. விசிறிக்கு அப்படிக் கேட்க நாதியில்லை. மின்விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் கட்டாயமாகியிருக்கும் நட்சத்திர முத்திரை எவ்வளவு மின்சாரம், எவ்வளவு காற்று என்பதைத்தான் அளக்கிறது. மாமியார்களைப் பற்றி அதில் பேச்சில்லை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பல மாடல்களில் சுவிட்சை அணைத்து உடனே போட்டால் வேகம் ஒரு படி மாறும். உங்களுடையதிலும் உண்டா என்று விளக்கத்தாளில் பார்த்து, இருந்தால் மாமியாருக்குக் காட்டிக்கொடுங்கள். ரிமோட்டுக்குச் சுவிட்ச் பலகையின் பக்கத்தில் ஒரு தாங்கியும் திருகிவிடுங்கள். அடுத்த அறைக்கு வாங்கப் போகும்போது அந்தக் கடைக்காரரிடமே போங்கள். பணத்தை எடுக்குமுன், ரிமோட்டைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு விசிறியின் வேகத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லுங்கள்.