பிரெக்சிட் வாக்கெடுப்பில் 'விலகு' என்று வாக்களித்த தமிழர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஏன் அப்படிச் செய்தீர்கள்?

இருக்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், உங்கள் குடும்பத்திலும் யாரோ ஒருவர் இந்த வேலையைச் செய்திருக்கிறார் என்று தோன்றுகிறது. மாமாவோ, கணவரோ தெரியாது. அவரிடம் நேரே கேட்க முடியாமல் இங்கே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஏறிய ஏணியை எட்டி உதைத்தவன் என்று எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் அகதியாக வந்து, 2004-இல் குடியுரிமை பெற்று, அன்றிலிருந்து ஹீத்ரோ விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் போலந்துக்காரருடனும் ருமேனியருடனும் தோளோடு தோள் நின்று பெட்டி தூக்குகிறவன் நான். அவர்கள்மேல் எனக்கு எந்தக் காலத்திலும் கோபம் இருந்ததில்லை. என் கோபம் என் சகலன்மேல். இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் உண்மை.

யாருக்கு வாக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று 2016 ஜூன் 23 அன்று கேட்டபோது, வாக்களிக்கப் பிரித்தானியக் குடியுரிமை கட்டாயமில்லை; இந்தியா, இலங்கை போன்ற பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் விசாவுடன் இங்கே வசித்தாலே போதும். ஹேய்ஸில் எங்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்த கும்பகோணத்துத் தம்பி படிக்க வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு வாக்கு இருந்தது. வாக்காளர் அட்டை வந்த அன்று அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதில் எந்தக் கட்சி நிற்கிறது?" என்று கேட்டார். என் மனைவியின் அக்கா பதினொரு வருடங்களாக ஹாரோவில் இருந்தவர். வேலை செய்தார், வரி கட்டினார், மூன்று பிள்ளைகளையும் இங்கேயே படிக்க வைத்தார். அவரிடம் இருந்தது நெதர்லாந்துக் கடவுச்சீட்டு. அவருக்கு வாக்கு இல்லை. ஐரோப்பிய நாட்டவர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் ஆகிய மூன்று நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் இருந்தது. அக்கா பழைய இலங்கைக் கடவுச்சீட்டோடு இங்கே இருந்திருந்தால் வாக்களித்திருக்கலாம்!

எங்கள் ஆட்களில் இப்படி நிறையப் பேர் உண்டு. நெதர்லாந்திலோ ஜெர்மனியிலோ பிரான்சிலோ அகதியாகி, அங்கே குடியுரிமை எடுத்து, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று பிறகு லண்டனுக்கு மாறியவர்கள். அக்காவும் சகலனும் 2005-இல் வந்தார்கள். வீடு பார்த்துக் கொடுத்தது நான்தான்.

இனித்தான் விஷயம். சகலனின் அம்மாவும் என் அம்மாவும் ஒரே ஊர்க்காரர்கள். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், இரண்டு ஒழுங்கை தள்ளி. 2011-இல் சகலன் தன் அம்மாவை எடுப்பித்தார். அன்றைய ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, இன்னொரு உறுப்பு நாட்டின் குடிமகன் இங்கே வேலை செய்தால், தன்னை நம்பியிருக்கும் தாய் தந்தையை அழைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. அனுமதிக்குக் கட்டணம்கூடக் கிடையாது. பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளையும் பிறப்புச் சான்றிதழையும் கட்டி அனுப்பினார். மாமி வந்து இறங்கிவிட்டார்.

என் அப்பா 2013-இல் காலமானார். அம்மா தனித்துப்போனார். நான் பிரித்தானியக் குடிமகன், சகலனைவிட எனக்கு இது சுலபமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். 2012 ஜூலையிலேயே விதியை மாற்றிவிட்டார்கள் என்பது விண்ணப்பிக்கப் போனபோதுதான் தெரிந்தது. பிரித்தானியக் குடிமகன் தன் பெற்றோரை அழைக்க வேண்டுமானால், முதுமையாலோ நோயாலோ அவர்களால் குளிக்கவோ உடுக்கவோ சமைக்கவோ முடியாதிருக்க வேண்டும். அத்தோடு, நான் இங்கிருந்து பணம் அனுப்பினாலும் அந்தப் பராமரிப்பு அங்கே கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். அம்மா படுக்கையில் விழுந்திருக்க வேண்டும், ஆனால் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் சம்பளத்துக்கு ஓர் ஆள் அகப்படக் கூடாது. 2014-இல் மறுப்புக் கடிதம் வந்தது. ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று அதில் எழுதியிருந்தது. கட்டிய கட்டணமும் போனது.

ஒவ்வொரு ஞாயிறும் ஹாரோவுக்குச் சாப்பிடப் போனால், மாமி கதிரையில் இருந்து பேரப்பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார். "அம்மா சுகமோ தம்பி?" என்று கேட்பார். நல்ல மனுஷி. எனக்கு வயிறு எரியும்.

2016 மே மாதம் அந்த வீட்டில்தான் பெரிய வாக்குவாதம் நடந்தது. நாங்கள் எதைப் பற்றியெல்லாம் கதைத்தோம் என்பதை இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. வாடகைக் கார் ஓட்டும் மச்சான் ஒருவர், ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண் போகிறது, அதை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கலாம் என்று 'விலகு' பிரச்சாரப் பேருந்தில் எழுதியிருந்ததைச் சொன்னார். சகலன் கணக்குப் பார்க்கிறவர், விடவில்லை. 1984-இல் பிரதமர் தாட்சர் வாங்கிய தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது, நாட்டின் புள்ளிவிவர ஆணையமே தவறாக வழிநடத்தும் எண் என்று கண்டித்துவிட்டது என்றார். உணவகம் நடத்தும் இன்னொரு மச்சானுக்கு, 'விலகு' பக்கம் நின்ற அமைச்சர் பிரீத்தி பட்டேல் சொன்னது பிடித்திருந்தது: வெளியேறினால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களை அழைக்க வழி பிறக்கும், கறிக்கடைகள் பிழைக்கும் என்று. இதையே இரண்டு மணி நேரம் பேசினோம். பிரித்தானியாவின் வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள எல்லை என்ற பேச்சு அன்று ஒருவர் வாயிலும் வரவில்லை. 2005-இல் ஊருக்குப் போனபோது ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டிக்கொண்டு வெயிலில் மணிக்கணக்காக நின்றவர்கள் நாங்கள். ஒரு நாட்டை ஒன்றியத்திலிருந்து பிரித்தால் எங்கோ ஒரு சோதனைச்சாவடி முளைக்கும் என்று எங்களுக்கே தோன்றவில்லை என்றால், மற்றவர்களை என்ன சொல்வது?

கடைசியில் நான் அம்மாவின் கதையை எடுத்தேன். சகலன் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, உங்கள் அம்மாவை மறித்தது பிரஸ்ஸல்ஸில் இருக்கிற ஒன்றியம் இல்லை. அந்த விதியை எழுதியது லண்டனில் இருக்கிற உங்கள் அரசாங்கம். என் அம்மாவை உள்ளே விட்டதுதான் பிரஸ்ஸல்ஸ்."

சரியான பேச்சு. எனக்கும் அது தெரிந்திருந்தது. விவரம் தெரியாமல் வாக்களித்துவிட்டேன் என்று தப்பிக்கப் போவதில்லை. ஆனால் 2012 விதியைப் பற்றி என்னிடம் யாரும் வாக்குச்சீட்டு நீட்டவில்லை. நீட்டியது இது ஒன்றுதான். "அப்படியென்றால் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கட்டும்" என்றேன். அக்கா கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றைய சோறு அப்படியே இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. சொன்னால் இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று சண்டைக்கு வருவீர்கள். நான் ஒப்பிடவில்லை. 1983 ஆகஸ்டில் இலங்கை அரசியலமைப்பில் வந்த ஆறாவது திருத்தத்துக்குப் பிறகு, எங்கள் நாட்டில் தனிநாடு வேண்டும் என்று அமைதியாகச் சொல்வதுகூடச் சட்டவிரோதம். அதற்கெதிராகச் சத்தியம் செய்ய மறுத்த எங்கள் எம்.பி.க்கள் ஆசனங்களை இழந்தார்கள். அங்கிருந்து வந்தவன் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, 'இருக்கலாமா, விலகலாமா, நீயே சொல்' என்று ஓர் அரசு கேட்கிறது. இரண்டு வருடம் முன்பு ஸ்காட்லாந்துக்காரர்களிடமும் கேட்டார்கள். 55% பேர் வேண்டாம் என்றார்கள். மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போனார்கள். 'விலகு' என்ற கட்டத்தில் கோடு போட்டால் என் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள் என்ற ஒன்றே எனக்கு ஒரு போதையாக இருந்தது. இது நல்ல காரணம் என்று சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

வாக்களிப்புக்கு ஒரு வாரம் முன்பு கிட்டத்தட்ட மனம் மாறினேன். ஜூன் 16 அன்று, 'விலகு' என்று பிரச்சாரம் செய்த நைஜல் ஃபராஜ் ஒரு விளம்பரப் பலகையைத் திறந்து வைத்தார். சுலோவேனிய எல்லையில் நீண்டு வரும் அகதி வரிசை. அந்தப் படத்தில் இருந்தவர்கள் போலந்துக்காரர்கள் இல்லை, என்னைப் போன்றவர்கள். அன்று பகலிலேயே ஜோ காக்ஸ் என்ற எம்.பி.யைத் தெருவில் வைத்து ஒருவன் கொன்றான். இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பிறகு மறுப்புக் கடிதம் இருந்த கோப்பை எடுத்து மறுபடி வாசித்தேன்.

வாக்களிப்பு நாளன்று லண்டனில் கொட்டோ கொட்டென்று மழை. பென்சிலால் போட்டால் அழித்துவிடுவார்கள் என்று அப்போது ஒரு வதந்தி. கார் ஓட்டும் மச்சான் சட்டைப்பையில் நான்கு பேனா கொண்டு வந்திருந்தார். நான் பென்சிலால்தான் போட்டேன். கும்பகோணத்துத் தம்பி எதற்குப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. என் மனைவி 'இரு' என்று போட்டார். ஆக எங்கள் வீட்டில் ஒன்றுக்கு ஒன்று கழிந்து, முடிவு மாடியறையில் இருந்தது!

முடிவு உங்களுக்குத் தெரியும்: விலக 51.9%, இருக்க 48.1%. ஹேய்ஸ் இருக்கும் எங்கள் ஹில்லிங்டன் 56.4% விலகு என்றது. பக்கத்தில் அக்காவின் ஹாரோ இரு என்றது. ஜெயித்த பக்கத்தில் இருந்துகொண்டே சொல்கிறேன், விதி சரியில்லை. 1979-இல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சபை வேண்டுமா என்று கேட்டபோது 51.6% ஆம் என்றார்கள். மொத்த வாக்காளர்களில் 40% பேராவது ஆம் என்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையால், 32.9% போதாது என்று சபையைக் கொடுக்கவில்லை. அதே அளவுகோலை 2016-இல் வைத்திருந்தால், மொத்த வாக்காளர்களில் எங்கள் பக்கம் 37.4%தான். கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் நான் பொருளாளராக இருந்தேன். அந்தப் பள்ளியின் யாப்பில், அதாவது விதிப் புத்தகத்தில், ஒரு கமாவை மாற்றவும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எதிர்பார்த்த ஒரே வரிசை 2021-இல் வந்தது. இப்போது புதிதாக வரும் நெதர்லாந்துக்காரரும் என்னைப் போலவேதான், அம்மாவை அழைக்க முடியாது. எனக்கான விதி ஒரு சொல்லும் தளரவில்லை; அவர்களையும் இங்கே இறக்கி நிறுத்தினார்கள். குடிவரவு குறையும் என்று வாக்களித்த என் அயலவர்கள் பாவம். 2023 ஜூன் வரையான ஓராண்டில் நிகரக் குடிவரவு 9 லட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து. என் அம்மா அதில் இல்லை. 2018 மார்ச்சில் போய்விட்டார். சம்பளத்துக்கு வைத்திருந்த பெண்தான் பக்கத்தில் இருந்தார். நல்ல பிள்ளை, கடைசி மூன்று நாளும் கண் மூடவில்லையாம். கடிதத்தில் எழுதியிருந்தது அந்த அளவுக்குச் சரிதான்.

செத்தவீட்டுக்கு அக்கா தொலைபேசியில் ஐந்து நிமிடம் கதைத்தார். அதைத் தவிர மூன்று வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. 2019 ஏப்ரலில் திடீரென்று குடும்பத்தோடு வந்தார்கள். ஒன்றியத்து நாட்டவர்கள் தொடர்ந்து இங்கே இருக்கப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கான செயலி அப்போது ஐஃபோனில் வேலை செய்யாது, ஆண்ட்ராய்டில் மட்டும்தான். அவர்கள் வீட்டில் எல்லாரிடமும் ஐஃபோன். "உங்களுடையது ஆண்ட்ராய்டுதானே?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார் அக்கா.

கடவுச்சீட்டின் மேல் கைபேசியை வைத்து உள்ளே இருக்கும் சில்லைப் படிக்க வைக்க வேண்டும். அக்காவினுடையது முதல் தடவையே படித்தது. சகலனுடையதுக்கு அரை மணி நேரம் போனது. கடைசியாக மாமி. அவரிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் இங்கே கொடுத்த வதிவிட அட்டையும் இருந்தன. அட்டையைப் படித்துவிட்டது; முகத்தை எடுக்க வேண்டும். கதிரையில் இருத்தி, முன்னால் முழங்காலில் நின்று கைபேசியைப் பிடித்தேன். திரை மின்னும்போதெல்லாம் மாமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மூன்று தடவை அப்படியே.

"இது எதற்குத் தம்பி?" என்று கேட்டார்.

சோபாவிலிருந்து சகலன்தான் பதில் சொன்னார்: "தம்பி எங்களைப் போகச் சொல்லி வாக்குப் போட்டவர் அம்மா. இப்போது இருக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்."

அக்கா சிரிக்கவில்லை. நான்காவது தடவை மாமி கண்ணைத் திறந்து வைத்திருந்தார்; படம் விழுந்தது.