ஜப்பானில் 2018லேயே வந்த புதிய சுசுகி ஜிம்னி கார், மன்னார்குடிக்கு ஏன் 2023 வரை வரவில்லை?

ஜப்பானில் இருக்கும் உங்கள் மாமா மகன் அப்போதே ஓட்டினான், நமக்கு ஏன் ஐந்து வருடம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டியரிங் காரணமில்லை, அங்கேயும் வலது பக்கம்தான்.

காரணம் கதவு. 2018 ஜூலையில் ஜப்பானில் வந்தது மூன்று கதவு வண்டி, பின்சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. பாட்டியைப் பின்சீட்டில் ஏற்றி ஒப்பிலியப்பன் கோயிலுக்குப் போகிற நம் ஊர்க் குடும்பம் அதை வாங்குமா? அதனால் ஐந்து கதவோடு நீட்டி, 2023 ஜனவரியில் காட்டி, ஜூனில் விற்பனைக்கு விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மூன்று கதவு வண்டியை 2021லிருந்தே குருகிராமில் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வரிக் கணக்கும் உண்டு. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால்தான் இங்கே சிறிய காருக்கான குறைந்த வரி. பல நிறுவனங்கள் இதற்காகவே இந்தியாவுக்கென்று தனி மாடல் செய்கின்றன. ஜிம்னி நீளத்தில் தேறியது, 1462 சிசி என்ஜினில் தவறியது.

சரி, எப்போதும் நாம்தான் கடைசி என்று நினைக்க வேண்டாம். ஹோண்டா எலிவேட் இங்கே 2023 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ராஜஸ்தானில் செய்த அதே வண்டி டபிள்யூஆர்-வி என்ற பெயரில் ஜப்பானுக்குப் போனது 2024 மார்ச்சில். நம் ஐந்து கதவு ஜிம்னியும் அப்படித்தான், 'நோமேட்' என்ற பெயரில் 2025இல் அங்கே போனது. இப்போது மாமா மகன்தான் நம்மைப் பார்த்துக் கேட்க வேண்டும்.