90 நாள் நோட்டீஸும் 7 மாத இடைவெளியும்

கேள்வி: நான் தனியார் நிறுவன ஊழியர். எனக்கு 90 நாள் நோட்டீஸ்; அதாவது ராஜினாமா செய்த பிறகும் 90 நாள் வேலை பார்க்க வேண்டும். புதிய நிறுவனம் 30 நாளில் சேரச் சொல்கிறது. மேலாளரோ, 'முழுக் காலமும் இருந்தே தீர வேண்டும், இல்லையேல் வழக்கு' என்கிறார். இதற்கு முன் அம்மாவின் சிகிச்சைக்காக 7 மாதம் வேலையில்லாமல் இருந்தேன். அதை மறைக்க அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நோட்டீஸை எண்ணி அஞ்சுகிறீர்கள். எனக்கு அச்சம் தருவது அந்தச் சான்றிதழ்தான். இன்றே மறுத்துவிடுங்கள். வேலை பார்க்காத இடத்தில் பார்த்ததாகக் காட்டினால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318 (ஏமாற்றுதல்), 340 (போலி ஆவணத்தைப் பயன்படுத்துதல்) பிரிவுகளில் வழக்கு வரக்கூடும். பிடிபடுவதும் எளிது. எந்த மாதம் எந்த நிறுவனம் உங்களுக்கு வருங்கால வைப்பு நிதி செலுத்தியது என்பது கணக்கிலேயே பதிவாகியிருக்கும். பல ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தாலும் வேலை போய்விடும்.

இடைவெளி குற்றமே அல்ல. பெற்ற தாயைக் கவனித்ததற்காக யாரிடமும் கூச வேண்டாம். 'குடும்ப மருத்துவக் காரணம்' என்று மாதங்களோடு ஒரே வரி எழுதுங்கள், போதும்.

இனி நோட்டீஸ். ஒருவரை விருப்பமின்றி வேலை செய்யும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. ஒப்பந்தத்தை மீறினால் நிறுவனம் இழப்பீடுதான் கேட்கலாம். அதுவும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மேற்படாத நியாயமான அளவுக்கே. 'நோட்டீஸுக்குப் பதில் சம்பளம்' (வேலை பார்க்காத நோட்டீஸ் நாட்களுக்கு நீங்கள் பணம் கட்டிவிட்டுப் போவது) என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா, கணக்கிடுவது அடிப்படைச் சம்பளமா மொத்தச் சம்பளமா என்று பாருங்கள். இந்த ஒரு சொல்லில் தொகை பெரிதும் மாறும். அதன் மேல் ஜிஎஸ்டி கேட்டால் ஏற்காதீர்கள். அது பொருந்தாது என்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது.

'இத்தனை காலம் வேலை பார்ப்பேன், இல்லையேல் பணம் கட்டுவேன்' என்ற குறைந்தபட்சப் பணிக்காலப் பத்திரம் ஏதும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? 'அது செல்லாது' என்று நண்பர்கள் சொல்வதை நம்பிவிடாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் 2 லட்சம் ரூபாய்ப் பத்திரம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது.

சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். பணியிலிருந்து விடுவித்த கடிதம் கிடைக்காமல் போனால் அடுத்தடுத்த வேலைகளிலும் தொல்லை தொடரும். புதிய நிறுவனத்தின் நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள். மீதமுள்ள விடுப்பை நோட்டீஸ் நாட்களில் கழிக்கவும், எஞ்சிய நாட்களுக்குப் பணம் பெற்றுக்கொண்டு விடுவிக்கவும் அதிலேயே கேளுங்கள். அந்தத் தொகையை நீங்கள் தருவீர்களா, இல்லையேல் சேரும் தேதியைத் தள்ளிவைப்பீர்களா என்று புதிய நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள்.