லைனிங் யார் வைத்தது?

கேள்வி: எனக்கு 19 வயது. குன்னூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடு. கோவையில் தங்கி பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி ஆடைப் போட்டிக்காக, விண்வெளியை மையமாக வைத்து ஒரு நீளக் கவுனை லீவில் நானே வடிவமைத்துத் தைத்தேன். மேலே கறுப்பு வெல்வெட், உள்ளே சாட்டின். பள்ளியில் படிக்கும்போது பார்த்த, ஊட்டி பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கியின் கம்பிகளை நினைத்து, தோளிலிருந்து பாதம் வரை வெள்ளிச் சரிகைக் கோடுகள் போட்டிருக்கிறேன். வெல்வெட் மெஷினில் நழுவியதால், கொழுந்து பறிக்கப் போகும் அம்மா ராத்திரியில் அந்த உள் சாட்டின் லைனிங்கை மட்டும் கையால் வைத்துக் கொடுத்தார். மற்றபடி எல்லாம் நான்தான். போட்டி அட்டையிலும் ‘வடிவமைப்பு, தையல்’ என்று என் பெயர்தான் இருக்கிறது. டிகிரி முடித்ததும் ஃபேஷன் டிசைனிங் படிக்க ஆசை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பா, “தையலுக்கு எதுக்குக் காலேஜ்?” என்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அப்பா விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பாதி, சம்மதிக்காத அப்பாக்களைப் பற்றித்தான். உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த லைனிங்.

வெல்வெட்டில் நிமிர்ந்து நிற்கும் இழைகள் துணியைத் தள்ளிக்கொண்டே போகும். சாட்டினோ வழுக்கும். இரண்டையும் சேர்த்து மெஷினில் கொடுத்தால், ஒன்று முன்னே ஓடி ஒன்று பின்தங்கி, தையல் முடிகிற இடத்தில் கோணிக்கொண்டு நிற்கும். பிரித்தால் மெஷின் ஊசித் தடம் தெரியும். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் இழை படுத்துவிடும். ஆக, அந்தக் கவுனிலேயே கஷ்டமான வேலை அதுதான். உன்னால் முடியாமல் போன இடத்தில்தான் அம்மா ஊசியைக் கையில் எடுத்திருக்கிறார்.

அதுவும் எந்தக் கையால்? கொழுந்து பறிக்கிறவர்களின் விரல் நுனி வெடித்து, கறை ஏறி, சொரசொரவென்று இருக்கும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த விரல் சாட்டினில் உரசினாலே இழையைப் பிடித்து இழுத்துவிடும். எண்ணெய் தடவிக்கொண்டு தைக்கவும் முடியாது, துணி வீணாகிவிடும். இன்றைக்கே கவுனை உள்பக்கமாகத் திருப்பிப்போட்டு வெளிச்சத்தில் பார். ஒரு இழையாவது பிடுங்கியிருக்கிறதா? இருக்காது. இருந்திருந்தால் அதை ஒரு குறையாக எனக்கு எழுதியிருப்பாய். பகலெல்லாம் சரிவில் நின்றுவிட்டு வந்து, குன்னூர்க் குளிரில் இதை எப்படிச் செய்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டாயா?

விண்வெளியை வைத்துத் தைத்திருக்கிறாய், அதனால் இதையும் தெரிந்துகொள். 1969-ல் நிலவில் இறங்கியவர்கள் போட்டிருந்த உடையைத் தைத்துக் கொடுத்தது, பிளேடெக்ஸ் என்ற பெயரில் பெண்களின் உள்ளாடை விற்றுவந்த நிறுவனம். அமெரிக்காவில் டோவர் என்ற ஊரில், அதன் தையல்காரப் பெண்கள் மெஷினில் உட்கார்ந்து அடுக்கடுக்காகச் சேர்த்துத் தைத்தார்கள். மொத்தம் 21 அடுக்கு. ஒரு அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு பிசகினாலும் கழித்துவிடுவார்கள். உள்ளே குண்டூசி ஏதும் தங்கிவிட்டதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அத்தனை அடுக்கில் வெளியே தெரிந்தது ஒன்றுதான். போட்டிருந்த ஆளை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்ததில் கண்ணுக்குத் தெரியாத அடுக்குகளுக்கும் பங்கு உண்டு. ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயர் உலகத்துக்கே தெரியும், அந்தப் பெண்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

முத்தோரையைக் கோடுகளாகப் பார்த்திருக்கிறாயே, அது நல்ல கண்தான், மறுக்கவில்லை. 530 மீட்டர் நீளத்துக்கு 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. ஆனால் அவற்றைத் தாங்கிப் பிடிப்பவை சரிவில் வரிசையாக நிற்கும் 24 பெரிய சட்டங்கள். உன் கண் அவற்றின் மேல் போகவே இல்லை.

இப்போது அப்பா. அவர் கேட்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. இவ்வளவு நுணுக்கம் தெரிந்த ஒரு பெண் அவர் வீட்டிலேயே இருக்கிறார். அதற்கு யாரும் மதிப்புக் கொடுத்து அவர் பார்த்ததில்லை. அதனால் தையல் என்பது பெண்கள் ராத்திரியில் சும்மா செய்து கொடுக்கிற வேலை என்று நினைக்கிறார். உன் போட்டி அட்டையும் அதைத்தானே சொல்கிறது? அம்மாவின் வேலையை வேலையாகவே எண்ணாத விஷயத்தில் அப்பாவும் நீயும் ஒரே கட்சி. பெற்றவளின் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிற பிள்ளைக்காக எந்த அப்பாவிடமும் நான் பரிந்து பேச மாட்டேன்.

முதலில் அட்டையைத் திருத்து. வடிவமைப்பு உன்னுடையது, அதில் சந்தேகமில்லை. தையல் என்ற இடத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும். ஒருவர்தான் தைக்க வேண்டும் என்று விதி இருந்தால், லைனிங்கைப் பிரித்துவிட்டு, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு நீயே வை. ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்துக்கொண்டு அப்புறம் தை. அவ்வளவு சரிகை ஏறிய வெல்வெட் கனத்தில் இறங்கும். ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்ட பிறகு கீழ் மடிப்பைப் போடு. நேரம் போதாவிட்டால் போட்டியிலிருந்து விலகிக்கொள் கண்ணு. பொய் அட்டையோடு மட்டும் மேடை ஏறாதே.

படிப்பைப் பொறுத்தவரை, பி.காம் முடித்தவர்களும் நுழைவுத் தேர்வு எழுதி, நிஃப்ட் என்கிற தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தில் வடிவமைப்பு முதுகலை சேரலாம். அதன் வளாகம் ஒன்று சென்னை தரமணியிலேயே இருக்கிறது; எந்த வளாகத்தில் எந்தப் படிப்பு என்று பார்த்துக்கொள். கட்டணம் அதிகம். முழு விவரத்தையும் எடுத்து, கல்விக் கடன் உட்பட எல்லாவற்றையும் தாளில் எழுதி அப்பா முன்னால் வை. அதற்கு முன், அந்தக் கவுனின் உள்பக்கத்தை அவரிடம் காட்டி, இது யார் தைத்தது என்று நீயே சொல்.

போட்டிக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போ. லீவு போட்டால் அம்மாவுக்கு அன்றைய கூலி போகும். அதை உன் கைச்செலவுக் காசிலிருந்து கொடுத்துவிடு.